மூத்தவருக்கு சி டிரைவ்

எங்கள் எதிர்வீட்டுக் கூடத்தின் நடுச்சுவரில் மூன்றடிக்கு மூன்றடி ஓர் ஓட்டை இருக்கிறது. கொத்தனார் நூல் பிடித்து, மட்டம் பார்த்து, விளிம்புக்குச் சிமெண்டு பூசி முறையாக விட்ட ஓட்டை. அதில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை அதன் முகம் தெற்கே, அண்ணன் கஜபதியைப் பார்த்திருக்கும். ஒரு மணி அடித்ததும் தம்பி ஸ்ரீதர் வடக்கிலிருந்து கையை நீட்டி மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான். (ஸ்ரீதர் எனக்குச் சின்னவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.)

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் இரண்டு வாசல் கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரை இல்லை. இதில் என் தவறு என்ன?

அவர்களுடைய அப்பா சிவப்பிரகாசம் இருந்தவரை வீடு ஒன்றாகத்தான் இருந்தது. அவர் சேலை டிசைன் போடுகிறவர். பார்டரையும் முந்தானையையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பார். அம்மையார்குப்பத்திலும் ஆர்.கே.பேட்டையிலும் தறி வைத்திருப்பவர்கள் வாங்கிப்போய், அதன்படி தறி அட்டையில் துளை குத்தி நெய்வார்கள். பிள்ளைகள் இருவருக்கும் அதே தொழில். அவர் போன மறுவருஷம் வீட்டைப் பிரித்தார்கள். தென்பாகம் மூத்தவருக்கு, வடபாகம் இளையவனுக்கு. சாமி ரூம் தெற்கில் விழுந்தது, மாடிப்படி வடக்கில் விழுந்தது. கிரைண்டர் முதல் கொசுவலை வரை எல்லாம் பிரிந்தன. கம்ப்யூட்டர் மட்டும் பிரியவில்லை.

ஏனென்றால் டிசைன் போடும் மென்பொருள் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதன் முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு சாவி செருகியிருக்கும். அதைப் பிடுங்கினால் மென்பொருள் திறக்காது. இன்னொரு சாவி வாங்கலாம் என்றால் அதை விற்ற கம்பெனியே இப்போது இல்லை. போதாக்குறைக்கு, சுவர் வர வேண்டிய இடத்தில்தான் கம்ப்யூட்டர் மேசையும் இருந்தது. என் பக்கம் தள்ளு என்று இருவரும் சொன்னார்கள். முடிவில் அவர்களுடைய தாய்மாமன் மணவாளன் பேசினார். "மேசை இருந்த இடத்துலியே இருக்கட்டும், சுவரு சுத்திகினு போகட்டும்." சுவருக்குச் சுற்றிக்கொண்டு போகத் தெரியவில்லை. ஓட்டை விட்டார்கள்.

ஆறு மாதம் அமைதியாகப் போயிற்று. பிறகு ஒருநாள் கஜபதியின் மாங்காய் பார்டர் ஒன்று காணாமல் போய், ஸ்ரீதரின் அன்னப்பட்சிகளுக்கு நடுவில் கிடைத்தது. என் பைலை நீ ஏன் எடுத்தாய் என்று அண்ணனும், உன் பைலை என் போல்டரில் ஏன் போட்டாய் என்று தம்பியும் ஓட்டை வழியாகவே கத்திக்கொண்டார்கள். ஒரே நேரத்தில் இருவர் தலையும் அந்த ஓட்டையில் நுழைய முடியாததால் சண்டை முறை வைத்து நடந்தது.

இதற்கு ஒரு வழி செய்யக் கௌதமனைக் கூப்பிட்டார்கள். அரக்கோணம் சாலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், தங்கமான மனுஷன், குரலை உயர்த்தத் தெரியாது. அந்தக் குணம் எங்கள் தெருவுக்குச் சரிப்படாது என்று அன்றே நினைத்தேன்.

"அண்ணா, இப்போ எல்லாமே சி-ன்னு ஒரே டிரைவுல கெடக்குது. விண்டோஸும் அங்கியே, உங்க டிசைனும் அங்கியே. நான் அதை ரெண்டாப் பிரிச்சுத் தரேன். சி-ல சிஸ்டம் மட்டும் இருக்கட்டும். உங்க சாமான் எல்லாத்தையும் டி-ல போட்டுக்குங்க. நாளைக்கு விண்டோஸ் படுத்துகிச்சின்னா சி-யை மட்டும் துடைச்சிட்டு மறுபடி ஏத்திடலாம். டி-ல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்த எனக்கே புரிந்தது. ஆனால் அண்ணன் தம்பி காதில் விழுந்தது "ரெண்டாப் பிரிச்சு" மட்டும்தான்.

"அப்ப மாமாவைக் கூப்பிடு" என்றார் கஜபதி.

மணவாளன் திருவாலங்காட்டிலிருந்து மதியப் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். ஆறு ஏக்கர் கரும்பு அவருக்குச் சொந்தத் தொழில், உறவுக்காரர்கள் வீட்டில் பாகம் பிரித்து வைப்பது ஆசைத் தொழில். வெள்ளைத் தாள், பேனா, இடுப்பில் அளவு டேப்பு. டேப்பை எதற்குக் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் இதற்குள் ஒரு கிண்ணம் ரசத்தோடு எதிர்வீட்டுக்குப் போயிருந்தேன். விருந்தாளி வந்திருக்கும்போது சும்மா இருக்க முடியுமா?

"மொத்தம் எம்மாம் இடம்?" என்றார் மணவாளன்.

"ஐந்நூறு ஜிபி டிஸ்க்குங்க."

"தெறந்து காட்டு."

கௌதமன் திறந்து காட்டினார். நானூற்று அறுபத்தைந்து என்று இருந்தது.

மணவாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இன்னாப்பா இது? வாங்கினது ஐந்நூறு, அளந்தா முப்பத்தஞ்சு குறையுது. எவன் வேலியைத் தள்ளி நட்டவன்?"

"அந்த முப்பத்தஞ்சு எந்தப் பக்கம் போச்சுன்னு நல்லா கேளுங்க மாமா" என்றாள் ஸ்ரீதரின் மனைவி தமயந்தி, தெற்கே பார்த்துக்கொண்டு.

"ஏன், நாங்க முந்தானையில முடிஞ்சி வெச்சிகினு இருக்கமா?" என்றாள் கஜபதியின் மனைவி வரலட்சுமி.

"யாரும் எடுக்கலீங்க" என்றார் கௌதமன் பரிதாபமாக. "டிஸ்க் செய்யறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணறான். கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. அதான் குறைச்சலாத் தெரியுது."

"அதாவது, விக்கறவன் கோலு வேற, அளக்கறவன் கோலு வேற."

"ஆங், அதாங்க."

"எங்க ஊரு சர்வேயரும் இதேதான் சொன்னான்" என்று மணவாளன் சமாதானமாகி, தாளில் 465 என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அடுத்தது யாருக்கு எது என்பது. இதில் கஜபதிக்குச் சந்தேகமே இல்லை. "சி முன்னாடி வருது. மூத்தவன் நானு. சி எனக்கு."

"அண்ணா, சி யாருக்கும் கிடையாதுண்ணா. அது சிஸ்டத்துக்கு" என்றார் கௌதமன்.

"சிஸ்டம் என் பாகத்துல இருந்துட்டுப் போகட்டும்யா. சாமி ரூம் கூட என் பாகத்துலதான் இருக்குது. இவனுங்க வந்து கும்பிட்டுட்டுப் போறதில்ல? அதுமாதிரி கம்ப்யூட்டரைத் தெறக்கணும்னா என் வாசல் வழியா வந்துதான் இவன் பாகத்துக்குப் போகணும். அதுவும் நல்லதுதான்."

"சிஸ்டம் படுத்தா சி-யைத்தான் துடைக்க வேண்டியிருக்கும்ணா."

"மூத்தவன் பாகத்துல எவன் கை வெப்பான்?"

கௌதமன் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. மணவாளன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சிஸ்டத்துக்கு அறுபத்தைந்து, அது சாமி ரூம் மாதிரி பொது. மீதி நானூறு. ஆளுக்கு இருநூறு. ஆகவே சி-க்கு இருநூற்று அறுபத்தைந்து, டி-க்கு இருநூறு. திரையில் அண்ணன் பாகம் நீளமாகத் தெரிகிறது என்று தமயந்தி ஒருமுறையும், அதில் சாமி ரூமும் சேர்த்தி என்று மணவாளன் இரண்டுமுறையும் சொன்னார்கள்.

கடைசியில் தாளில் நிபந்தனை எழுதினார். ஒருவர் பாகத்தில் மற்றவர் பிரவேசிக்கக் கூடாது. ஒருவர் பாகத்தைக் குறித்து மற்றவர் பேசவும் கூடாது. இரண்டு பிரதி. அண்ணன் தம்பி கையெழுத்து. சாட்சி கௌதமன். வரலட்சுமி கம்ப்யூட்டர் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். கௌதமன் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது தலையை ஆட்டிக்கொண்டே போனதை நான் மட்டும் பார்த்தேன்.

இது நடந்தது சென்ற வருஷம். இந்த வருஷம் தையில் கஜபதியின் பெண் சுசித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆவணிக் கடைசியில் முகூர்த்தம். முகூர்த்தச் சேலைக்குத் தானே டிசைன் போடுவதாகக் கஜபதி சொல்லிவிட்டார். நெய்வதற்கு அம்மையார்குப்பத்து ராஜவேலு. பட்டு நூல் வாங்கித் தயாராக வைத்துக்கொண்டு, ஆடி முடிவதற்குள் டிசைன் கைக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் முகூர்த்தத்துக்குச் சேலை வராது என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார்.

கஜபதி நாலு மாதம் உட்கார்ந்தார். முந்தானை முழுக்க எங்கள் ஊர் முருகன் மலைக்கோயில் படி, சரியாக முந்நூற்று அறுபத்தைந்து. படிகளின் மேல் இருபத்துநாலு மயில், சுசித்ராவின் வயசுக்கு ஒன்று. இருபத்துமூன்று மயில் மேலே பார்த்துக்கொண்டு போகும். கடைசி மயில் மட்டும் கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்க்கும். "புருஷன் வீட்டுக்குப் போற பொண்ணு, வாசல்ல நின்னு ஒரு தபா திரும்பிப் பாக்கும்ல, அது" என்று என்னிடம் காட்டினார். சொல்லும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மனிதர் கூடை நிறைய வெங்காயம் உரித்தாலும் கண் கலங்காதவர்.

"பென்டிரைவுல ஒண்ணு எடுத்து வெச்சிக்கயேன் நைனா" என்று சுசித்ரா சொன்னாள்.

"பென்டிரைவுல போட்டா எவனாவது காப்பி அடிப்பான். ராஜவேலு தறி காலியானதும் குடுத்தா போதும், அதுவரைக்கும் சி-லியே இருக்கட்டும். என் பாகம், என் பாதுகாப்பு."

ஆனி மாதக் கடைசி. ஆடி பிறப்பதற்குள் முதல் பத்திரிகையை மணவாளனுக்கு வைத்துவிட வேண்டும் என்று கஜபதியும் வரலட்சுமியும் சுசித்ராவையும் கூட்டிக்கொண்டு திருவாலங்காட்டுக்குப் போயிருந்தார்கள். ஸ்ரீதர் ஆர்.கே.பேட்டைக்குப் போயிருந்தான். மதியம் கம்ப்யூட்டர் ஏதோ அப்டேட் செய்துகொண்டிருந்தபோது கரண்டு போயிற்று. யுபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாதம் ஆகிறது. அது யார் பாகம் என்று முடிவாகாததால் யாரும் மாற்றவில்லை. கரண்டு வந்தபோது திரை நீலமாக நின்றது. மதியம் வடக்கின் நேரம் என்பதால் தமயந்தி கௌதமனுக்குப் போன் போட்டாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன், கிண்ணம் திருப்பி வாங்க.

கௌதமன் அரைமணி நேரம் பார்த்தார். "விண்டோஸ் போயிடுச்சுக்கா. புதுசா ஏத்தணும். டி-ல உங்க டேட்டா இருக்குது, அதைத் தொட மாட்டேன்."

"டி எங்க பாகம். அதுல ஒரு பைல் குறைஞ்சாலும் நான் சும்மா வுட மாட்டேன்."

"சரிக்கா. சி-ல அண்ணன் சாமான் ஏதாவது இருக்குதா? வேற எங்கியாவது எடுத்து வெச்சிட்டாருல்ல? துடைச்சிடட்டுமா?"

தமயந்தி வாயைத் திறந்தாள். மூடினாள். சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த மணவாளன் தாளைப் பார்த்தாள். "அதைப் பத்தி நாங்க பேசக் கூடாதுங்க. எழுதி கையெழுத்துப் போட்டிருக்குது."

கௌதமன் கஜபதிக்கு இரண்டு முறை போன் செய்தார். போன் வரலட்சுமியின் பையில், பத்திரிகைக் கட்டுக்கு அடியில் அடித்துக்கொண்டிருந்ததாம். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படி முக்கியமான பைலை எனக்குத் தெரியாமல் வேறெங்காவது எடுத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்க வழியே இல்லை என்பது அப்போது தோன்றவில்லை. அவரோ, சி-யைத் துடைக்க வேண்டியிருக்கும் என்று அன்றைக்கே சொல்லியிருப்பதால் கஜபதி எல்லாவற்றுக்கும் வேறொரு பிரதி வைத்திருப்பார் என்று முடிவு செய்துகொண்டார். சி சுத்தமாயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கஜபதி மானிட்டரைத் தெற்கே திருப்பினார். ஆறு மூன்றுக்கு, "வரலட்சுமீ!" என்று ஒரு சத்தம். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

கௌதமன் ஓடிவந்தார். அழிந்ததை மீட்கும் மென்பொருள் போட்டு இரண்டு நாள் தேடினார். வந்தது. எப்படி வந்தது என்றால், நாலு தோகை, கால் மட்டும் பதினொன்று, படிகள் கொஞ்சம் தலைகீழாக. ஒரு மயிலுக்கும் தலை இல்லை. புதிய விண்டோஸ் வந்து அவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டதாம். கஜபதி அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கௌதமனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கெல்லாம் நன்றாக இருந்திருக்கும்.

ஆடி பிறந்தது. ராஜவேலு தினமும் போன் செய்தார். கஜபதி ஞாபகத்திலிருந்து மறுபடி வரைய உட்கார்ந்தார். நூறாவது படியில் நின்றுவிடுவார். மயிலுக்குக் கழுத்து வராது. சாப்பாடு பாதியில் எழுந்துவிடுவார். வரலட்சுமி, கடையில் ஒரு சேலை எடுத்துவிடலாம் என்றாள். அன்று அவர் மீதிப் பாதியையும் சாப்பிடவில்லை.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஸ்ரீதர்தான். அவனும் இளைத்துப்போனான். தன் மதிய நேரத்தையும் அண்ணனுக்கே விட்டுக்கொடுத்தான். மானிட்டர் நாள் முழுக்கத் தெற்கே பார்த்திருந்தது. அவன் ஓட்டைக்குள் தலையை விட்டு, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

"அண்ணா, அங்க படி ரெண்டு ரெண்டா மடங்கும்."

"ஆங், ஆமாம்டா."

"பன்னெண்டாவது மயிலுக்குத் தோகை கொஞ்சம் சின்னது. பக்கத்துல விளக்கு வரும்ல."

"ஆமாம்."

"கடைசி மயிலு திரும்பிப் பாக்கும்."

கஜபதி மவுஸை விட்டுவிட்டு மெதுவாகத் திரும்பினார். "அது உனக்கு எப்பிட்றா தெரியும்?"

"சும்மா... நீ அப்பிடித்தானே போடுவ" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். இழுத்த வேகத்தில் சிமெண்டு விளிம்பில் நெற்றி இடித்தது. அந்தச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.

ஆடிக் கிருத்திகை வந்தது. அன்று எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. ஆந்திரப் பக்கத்திலிருந்து வருபவர்கள் பாதி, நம் பக்கத்தவர்கள் பாதி, எல்லார் தோளிலும் பூக்காவடி. நானும் படியேறினேன். பாதி மலை ஏறி மூச்சு வாங்க நின்றபோது, எனக்கு முன்னால் ஒரு பெண்ணின் முந்தானை நின்றது. பச்சைச் சேலை. முந்தானையில் படி படியாக ஏதோ ஏறுகிறது. படிமேல் மயில்.

நான் கண்ணாடியை எடுத்துப் போட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறினேன். அவள் நின்றால் நின்றேன். இருபத்துமூன்று மயில் மேலே பார்த்தது. இருபத்துநாலாவது என்னையே திரும்பிப் பார்த்தது.

"அம்மாடி, சேலை எங்க எடுத்த?"

"ஆர்.கே.பேட்டையிலக்கா. விசைத்தறிச் சேலை. எங்க ஓரகத்தி கூட இதே எடுத்தா, அரக்குக் கலர்ல. நல்லா இருக்குதா?"

"கொஞ்சம் நில்லும்மா, ரவிக்கைக்கு மாதிரி பாக்கணும்" என்று சொல்லி நாலு போட்டோ எடுத்துக்கொண்டேன். முருகனைப் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன், அவசரமாக.

இறங்கி வந்து நேராகத் தெற்கு வாசலுக்குப் போனேன். கஜபதி என் போனை வாங்கி, விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். கடைசி மயிலில் விரல் நின்றது. முகம் சிவந்தது. பிறகு வெளுத்தது. வரலட்சுமியும் சுசித்ராவும் வந்து நின்றார்கள். அவர் எழுந்துபோய் ஓட்டைக்கு முன்னால் குனிந்தார்.

"ஸ்ரீதரு. இங்க வா."

வடக்கில் ஒரு முகம் வந்தது. போனை அந்த முகத்துக்கு நேராக நீட்டினார்.

"உன் பாகத்துல என் மயிலு இருக்குதா?"

பின்னாலிருந்து தமயந்தி, "அவரு பாகத்தைப் பத்தி நீங்க பேசக் கூடாது பாவா, எழுதி..." என்று புருஷனின் அண்ணனிடம் தொடங்கினாள்.

"நீ சும்மா இருடி" என்றான் ஸ்ரீதர். பிறகு மிக மெதுவாக, "இருக்குதுண்ணா."

"முழுசா இருக்குதா? தலை இருக்குதா?"

"எல்லாம் இருக்குது. சித்திரையிலியே எடுத்து டி-ல வெச்சிட்டேன். சும்மா பாக்கத்தான் எடுத்தேன். அப்புறம் அந்த ஆர்.கே.பேட்டை ஆளு புதுசா ஏதாவது குடுன்னு கேட்டுகினே இருந்தான். கலரை மாத்திக் குடுத்துட்டேன்."

"நீ போட்ட கலரு எவனுக்கு வேணும்? நான் போட்டது?"

"அதுவும் ஒண்ணு அப்பிடியே இருக்குது. சி காலியானதும் சொல்லிடலாம்னுதான் தினமும் தலையை நீட்டினேன். இருக்குதுன்னு சொன்னா, எப்பிடி வந்துச்சின்னு கேப்பியே. அதான்..."

கஜபதி ஓட்டைக்குள் கையை விட்டார். அடிக்கத்தான் போகிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம், ஸ்ரீதரும் கண்ணை மூடிக்கொண்டான். அவர் தம்பியின் தலையைப் பிடித்து இழுத்து, நெற்றியில் இடித்து வீங்கியிருந்த இடத்தில் தடவினார்.

"திருட்டு நாயே. நல்ல வேளை, திருடினடா. மொதல்ல அதை எடுத்துக் குடு. அடிக்கறது அப்புறம்."

"எங்கண்ணா போடட்டும்? சி-லியா?"

"சி-யா?" கஜபதி பாம்பைக் கண்டவர்போல் பின்வாங்கினார். "வேணாம். அந்தப் பக்கமே போகாத."

மாலையே மணவாளனும் கௌதமனும் வந்துவிட்டார்கள். கஜபதி தொண்டையைச் சரி செய்துகொண்டு சொன்னார். "மூத்தவன்னு இருந்தா விட்டுக் குடுக்கணும். சி-யைத் தம்பிக்கே குடுத்துடறேன். டி நான் எடுத்துக்கறேன்."

"ஐயோ, வேணாம் பாவா" என்றாள் தமயந்தி. "மூத்தவங்க பாகம். எங்களுக்கு எதுக்கு?"

"நீயே வெச்சிக்கண்ணா. அதான் மரியாதை" என்றான் ஸ்ரீதர்.

ஒரு வருஷமாக யாருக்கு முதலிடம் என்று சுவர் எழுப்பி நின்ற வீட்டில், ஒரு மணி நேரம் அந்த சி-யை இவர் பக்கம் அவரும் அவர் பக்கம் இவரும் தள்ளினார்கள். மணவாளன் தாளை எடுத்து, போட்ட கணக்கையெல்லாம் அடித்தார். "யாருக்கும் வேணாம்னா பொதுவுல வுடு. சி-ல சிஸ்டம் மட்டும் இருக்கட்டும். அண்ணனும் வேணாம், தம்பியும் வேணாம். மீதியை ரெண்டாப் போடு, டி ஒண்ணு, ஈ ஒண்ணு." சொல்லிவிட்டு, இவ்வளவு நல்ல யோசனை தனக்கு எப்படி வந்தது என்பதுபோல் சுற்றிப் பார்த்தார்.

கௌதமன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"டி முன்னாடி வருது" என்றார் கஜபதி. "மூத்தவன் நானு."

டி அவருக்கே கொடுக்கப்பட்டது. மயில்கள் இருபத்துநாலும் தலையோடும் காலோடும் அங்கே போய்ச் சேர்ந்தன. ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு சுசித்ராவே கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஆனால் அந்த மயில் இப்போது ஆர்.கே.பேட்டையில் பச்சையிலும் அரக்கிலும் ஓடிக்கொண்டிருக்கிறதே, முகூர்த்தத்தில் எதிரே உட்காருகிறவளும் அதையே கட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று வரலட்சுமி கேட்டாள். கஜபதி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் முந்தானையின் அடியில், மயில் திரும்பிப் பார்க்கும் இடத்தில், ஒரு படி கூட்டினார். முந்நூற்று அறுபத்தாறு.

"மலைக்கு அவ்ளோ படி கிடையாதே நைனா" என்றாள் சுசித்ரா.

"இது மலைப்படி இல்ல. நம்ம வீட்டு வாசப்படி. அதைத்தான் அது திரும்பிப் பாக்குது. இது எவன் சேலையிலயும் இருக்காது."

ஓட்டையில் ஒரு தலை வந்தது. "எந்த வாசப்படிண்ணா? உன்னுதா, என்னுதா?"

கஜபதி மவுஸை இழுத்துக்கொண்டு திரையில் குனிந்தார். மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது அந்தப் படி மற்றப் படிகளைவிட இரண்டு மடங்கு அகலமாக இருந்தது. எவ்வளவு அகலம் என்றால், இரண்டு வாசலும் சேர்ந்த அகலம். அளந்து பார்த்தேன்.

ராஜவேலு ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது அட்டை குத்தி, தறியில் ஏற்றிவிட்டார். அரக்கும் பச்சையும் கலந்த ஒரு கரை, உடல் முழுக்க மாம்பழ மஞ்சள். ஆவணியில் சுசித்ரா கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது தமயந்திதான் முந்தானையைச் சரிசெய்து விட்டாள், கடைசி மயில் எல்லாருக்கும் தெரியும்படி. ஆர்.கே.பேட்டைக்காரர் ஒருவர் பந்தியில் அதை ரொம்ப நேரம் பார்த்தார். ஸ்ரீதர் அவர் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைத்து, பார்வையைக் கீழே இறக்கினான்.

இப்போது கஜபதி பழைய அனுபவத்தால் ரொம்ப உஷார். டி டிரைவுக்குப் பூட்டு போடச் சொல்லி, கௌதமனும் போட்டுக் கொடுத்துவிட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு மானிட்டரைத் தெற்கே திருப்பி, கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் தட்டுகிறார். ஒன்பது எழுத்து, கடைசியில் இரண்டு எண். ஓட்டைக்கு அந்தப் பக்கம் கேட்காமல் இருக்கவேண்டும் என்று தலையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொல்கிறார்.

வாசலுக்கு எதிரே நான் இருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. தமயந்திதான், நேற்று ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்து, விஜியக்கா, விஜியக்கா என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.